கதை சொல்லிப் பேச்சு வளர்ப்பது எப்படி? வட சென்னை ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்பதாம் வகுப்பில் 46 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பீரியட் 45 நிமிடம். ஒவ்வொருவராக முன்னால் வந்து பேசச் சொன்னால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. வருகைப் பதிவு, "நீ போ, நீ போ" என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொள்வது, தயங்கி நிற்பது எல்லாம் போனால் அரை நிமிடம் மிஞ்சும். அதே வகுப்பை இரண்டு இரண்டு பேராகத் திருப்பி உட்காரவைத்துப் பேசச் சொன்னால், ஒரே நேரத்தில் 23 பேர் பேசுவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் பேச வாய்ப்பு கிடைக்கும். இந்த வழிகாட்டியின் அடிப்படைக் கணக்கு இதுதான்.

பேச்சுத் திறன் என்றதும் பள்ளிகளில் முதலில் நினைவுக்கு வருவது பேச்சுப் போட்டி. ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளுக்கு ஆசிரியர் எழுதிக் கொடுப்பார், மாணவர் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார். நினைவாற்றலுக்கு அது நல்ல பயிற்சிதான். ஆனால் அதற்குத் தேர்வாகிறவர்கள் ஏற்கெனவே பேச வருகிற இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். அந்த மற்றவர்களை இடைவேளையில் கவனித்துப் பாருங்கள். முந்தின நாள் கேரம் போட்டியில் கடைசிக் காயை எப்படிப் போட்டான் என்று ஒருவன் மாடிப்படியில் நின்று கையும் காலும் ஆட்டிச் சொல்வான். சுற்றி நிற்பவர்கள் வேறெங்கும் பார்க்கமாட்டார்கள். குரலில் ஏற்ற இறக்கம், சரியான இடத்தில் நிறுத்தம், ஆளுக்கு ஆள் குரல் மாற்றிப் பேசுவது எல்லாம் அதில் இருக்கும். மணி அடித்து வகுப்புக்குள் வந்ததும் அதே பிள்ளை வாயை மூடிக்கொள்கிறான்.

ஆகவே பேச்சு இல்லாத பிள்ளைகளுக்கு நாம் பேச்சைக் கொடுக்கப் போவதில்லை. வட சென்னைப் பிள்ளைகள் பேச்சோடுதான் பள்ளிக்கு வருகிறார்கள். அதை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்வதுதான் சிக்கல். முதலில் பேசவிட வேண்டும், பிறகு மெருகேற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் கீழே சொல்லப்போகும் எந்தப் பயிற்சியும் பலன் தராது.

முதல் படி: நீங்கள் சொல்லுங்கள்

முதல் வகுப்பில் பிள்ளைகளைப் பேசச் சொல்லாதீர்கள். நீங்கள் ஒரு கதை சொல்லுங்கள். மூன்று, நான்கு நிமிடம் போதும். கையில் புத்தகமோ தாளோ வேண்டாம். நாற்காலியை விட்டு எழுந்து, முதல் இரண்டு பெஞ்சுக்கு நடுவில் நின்று சொல்லுங்கள்.

உங்கள் சொந்தக் கதையாக இருக்கலாம், ஊர்க் கதையாகவும் இருக்கலாம். எனக்குப் பிடித்தது, முதல் உலகப் போரில் சென்னையைத் தாக்கிய எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் கதை. அது நடந்த துறைமுகம் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடம். இப்படித் தொடங்கலாம்:

"1914, செப்டம்பர் 22. ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். இதோ, நம்ம துறைமுகம்தான். கடல்ல ஒரு கப்பல் வந்து நிக்குது. அதுல விளக்கு இல்ல. கரையில இருக்கிற யாருக்கும் அது வந்ததே தெரியாது. திடீர்னு அந்தக் கப்பல்லேர்ந்து பெரிய வெளிச்சம் அடிக்குது. கரையில பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டி இருக்கு பாருங்க, நேரா அது மேல போய் விழுது. அப்புறம்..."

இந்த "அப்புறம்" என்ற இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு, மூன்று நொடி சும்மா நில்லுங்கள். வகுப்பு உங்களைப் பார்க்கும். அதன் பிறகு குண்டு விழட்டும். தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்றச் சுவரிலும் குண்டு பட்டது, அந்த இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பயந்துபோன மக்கள் நகரத்தைவிட்டே கிளம்பினார்கள். கரையைச் சுட்ட அந்த ஜெர்மன் கப்பலை அதே ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ஒன்று அழித்தது.

கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்காதீர்கள். நீதி கேட்டால் பிள்ளைகள் உடனே பரீட்சைக் குரலுக்குப் போய்விடுவார்கள். "அன்னிக்கு ராத்திரி நீங்க ராயபுரத்துல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேளுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் பேசட்டும். முதல் வகுப்புக்கு அவ்வளவு போதும்.

இரண்டாம் படி: சரியான கேள்வி

"உன் வாழ்க்கையில் மறக்க முடியாத நாள் எது?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே கட்டுரை எழுதும் முகத்தோடு உட்காரும். கேள்வி அத்தனை பெரியது. "பொழுதுபோக்கு பற்றிப் பேசு" என்பதும் அப்படித்தான், அதில் நடந்த சம்பவம் எதுவும் இல்லை.

அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபாவ் 1960-களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின இளைஞர்களின் பேச்சை ஆராய்ந்தார். ஒலிப்பதிவுக் கருவிக்கு முன்னால் யாரும் இயல்பாகப் பேசமாட்டார்கள் என்பது அவருக்கு இருந்த தடை. அதைத் தாண்ட அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, "உயிருக்கே ஆபத்து என்ற நிலை உனக்கு வந்திருக்கிறதா?" என்பது. அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியவர்கள் கருவியை மறந்தார்கள், தங்கள் மொழி சரியா தவறா என்ற கவலையையும் மறந்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு மொழியே சரியாக வராது என்று அங்கே பள்ளிகளும் நிபுணர்களும் சொல்லிவந்தபோது, அந்தப் பேச்சுக்குள் ஒழுங்கான இலக்கணமும் தேர்ந்த கதை சொல்லும் திறனும் இருப்பதை லபாவ் காட்டினார். நம் பிள்ளைகளின் பேச்சைப் பற்றி நாம் கேட்கிற பேச்சுகளை நினைத்தால், இந்த ஆய்வை எல்லா ஆசிரியர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

உயிராபத்துக் கேள்வியை நாம் அப்படியே கேட்க வேண்டாம். அதில் இருக்கும் வழிமுறை போதும். சின்னதாக, குறிப்பாக, ஒரு சம்பவத்தை இழுத்துக்கொண்டு வருவதாகக் கேள்வி இருக்க வேண்டும். வட சென்னை வகுப்புகளில் நன்றாக எடுபடுபவை இவை: கரன்ட் போன ஒரு ராத்திரி. தண்ணி லாரி வந்தபோது நடந்த கலாட்டா. பஸ்ஸில் தூங்கி ஸ்டாப்பைத் தவறவிட்டது. கடலிலோ ரோட்டிலோ "போச்சுடா" என்று நினைத்த ஒரு நொடி. வீட்டில் தொலைந்து, வேறெங்கோ கிடைத்த பொருள். நீ செய்யாத தப்புக்கு நீ திட்டு வாங்கியது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் கை தூக்காத பிள்ளையே இருக்காது.

எப்போதும் மூன்று கேள்விகளாவது போர்டில் இருக்கட்டும். எதைச் சொல்வது என்று பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: ஐந்து விரலில் ஒரு கதை

பிள்ளைகள் சொல்லும் கதை சில நேரம் எங்கெங்கோ சுற்றும். "அப்புறம், அப்புறம்" என்று போய்க்கொண்டே இருக்கும், சில நேரம் இரண்டே வரியில் முடிந்துவிடும். இதற்கு ஐந்து விரலைப் பயன்படுத்துங்கள். பெருவிரல்: யார், எங்கே, எப்போது. ஆள்காட்டி விரல்: எல்லாம் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தபோது என்ன கெட்டது. நடுவிரல்: அதற்குப் பிறகு நடந்தவை. மோதிர விரல்: அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது, இதை ஏன் சொல்கிறாய். சுண்டு விரல்: எப்படி முடிந்தது.

இதில் மோதிர விரலைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். லபாவ் தன் ஆய்வில் அழுத்திச் சொன்னதும் இந்தப் பகுதியைத்தான். சம்பவம் சொல்ல வேண்டிய அளவுக்கு முக்கியம் என்பதைக் கேட்பவருக்கு உணர்த்தாவிட்டால், அவர் மனதில் "அதனால என்ன?" என்ற கேள்வி எழுந்துவிடும். "பஸ்ல தூங்கிட்டேன், திருவொற்றியூர்ல எறங்க வேண்டியது, எண்ணூர்ல எறங்கினேன், திரும்பி வந்தேன்" என்பது தகவல். "பையில அஞ்சு ரூபாதான் இருந்துது, எங்கம்மாவுக்கு போன் பண்ணா அடி விழும், கண்டக்டர் மூஞ்சியப் பாத்தா பயமா இருந்துது" என்று சேர்த்தால் அது கதையாகிறது. ஒரு பிள்ளை கதை சொல்லி முடித்ததும் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப உனக்கு எப்படி இருந்துது?"

கதையை முழுதாக எழுதிவைக்க விடாதீர்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன். எழுதினால் மனப்பாடம் செய்வார்கள், மனப்பாடம் செய்தால் ஒப்பிப்பார்கள், ஒரு சொல் மறந்தால் அங்கேயே நின்றுவிடுவார்கள். விரலுக்கு ஒரு சொல்லோ ஒரு கோட்டுப் படமோ இருந்தால் போதும். பஸ், கடிகாரம், அஞ்சு ரூபாய்க் காசு என்று மூன்று படம் வரைந்த பிள்ளை, ஒவ்வொரு முறையும் புதிய சொற்களில் கதை சொல்லும். பேச்சுப் பயிற்சி நடப்பது அப்போதுதான்.

நான்காம் படி: அதே கதை, மறுபடியும் மறுபடியும்

நம் வகுப்புகளில் பெரும்பாலும் விட்டுப்போகிற படி இது. ஒரு கதையை ஒரே முறை சொல்லவைத்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறோம். பேச்சில் சரளம் வருவதோ, ஒரே விஷயத்தை வேறு வேறு ஆளிடம் திரும்பச் சொல்லும்போதுதான். முதல் முறை மனம் "அடுத்து என்ன நடந்தது?" என்று தேடிக்கொண்டிருக்கும். இரண்டாம் முறை சம்பவம் கையில் இருப்பதால் சொல்லைத் தேட நேரம் கிடைக்கும். மூன்றாம் முறை கேட்பவரின் முகத்தைப் பார்க்க முடியும்.

மொழி கற்பிப்பவர்கள் இதை 4-3-2 என்ற பயிற்சியாக வைத்திருக்கிறார்கள். ஒரு துணையிடம் நான்கு நிமிடம், அடுத்த துணையிடம் அதே கதை மூன்று நிமிடம், மூன்றாவது துணையிடம் இரண்டு நிமிடம். நேரம் குறையக் குறையத் தடுமாற்றம் குறையும், தேவையில்லாத சுற்றலும் தானாகக் கழன்றுபோகும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு நான்கு நிமிடம் முதலில் அதிகமாகத் தோன்றும். 3-2-1 என்று தொடங்கி, ஒரு மாதம் கழித்து 4-3-2 ஆக்குங்கள்.

நெருக்கமான வகுப்பறையில் இதைச் செய்வது இப்படி. ஒன்று, மூன்று, ஐந்தாம் வரிசை பெஞ்சில் இருப்பவர்கள் அப்படியே பின்னால் திரும்பி உட்கார வேண்டும். இப்போது எல்லோருக்கும் எதிரில் ஓர் ஆள் உண்டு. திரும்பியவர்கள் சொல்கிறார்கள், எதிரில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். நேரம் முடிந்ததும் நீங்கள் கை தட்டுங்கள். கேட்டவர்கள் மட்டும் எழுந்து ஓர் இடம் வலப்பக்கம் நகர வேண்டும், கடைசியில் இருப்பவர் இடக்கோடிக்கு வர வேண்டும். மேசை, நாற்காலி எதையும் இழுக்க வேண்டாம். இப்படி மூன்று முறை சொல்லி முடிந்த பிறகு, அடுத்த சுற்றில் கேட்டவர்கள் சொல்வார்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு குழுவில் மூவர் இருக்கட்டும். தயவுசெய்து அந்த மீதி ஆளாக நீங்கள் உட்கார்ந்துவிடாதீர்கள். நீங்கள் வகுப்பு முழுவதும் சுற்ற வேண்டும்.

சத்தம் வரும். 23 பேர் ஒரே நேரத்தில் பேசினால் வராமல் இருக்குமா? பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிந்தால் மரத்தடிக்கோ வராண்டாவுக்கோ போய்விடுங்கள். தலைமை ஆசிரியரை ஒருமுறை வந்து பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது. வெளியிலிருந்து இரைச்சலாகக் கேட்பது, உள்ளே வந்து பார்த்தால் பேச்சாகத் தெரியும்.

ஐந்தாம் படி: உம் கொட்டப் பழக்குதல்

பேசுபவரை வளர்ப்பது கேட்பவர்தான். பாட்டி கதை சொன்னால் "ம்... ம்..." என்று உம் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் கதை நின்றுபோகும் என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். வில்லுப்பாட்டில் "ஆமாம்" போட ஒரு துணை இருப்பார். இந்தப் பழக்கத்தை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். கேட்பவருக்கு மூன்று வேலைகள் உண்டு: சொல்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும், உம் கொட்ட வேண்டும், முடிந்ததும் கதைக்குள்ளிருந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். திருத்தக் கூடாது, சிரித்துக் கேலி செய்யக் கூடாது. கதை சிரிப்புக் கதையாக இருந்தால் தாராளமாகச் சிரிக்கலாம்.

சில வாரங்கள் கழித்து வேலையைக் கூட்டுங்கள். கேட்டவர் அந்தக் கதையை மூன்றாம் ஆளிடம் திரும்பச் சொல்ல வேண்டும். சொந்தச் சம்பவம் "விழுந்தேன், எழுந்தேன்" என்று வரும். கேட்ட கதை "விழுந்தானாம், எழுந்தானாம்" என்று வரும். நேரில் கண்டதையும் காதில் கேட்டதையும் பிரித்துச் சொல்ல இது நல்ல பயிற்சி.

ஆறாம் படி: குரல்

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமோ கொருக்குப்பேட்டை ரயில் பாதை ஓரமோ பள்ளி இருந்தால் கன்டெய்னர் லாரியோடும் ரயிலோடும் போட்டி போட்டுத்தான் பேச வேண்டும். பிள்ளைகள் உடனே தொண்டையிலிருந்து கத்துவார்கள், பத்து நிமிடத்தில் குரல் கம்மிவிடும். வயிற்றிலிருந்து மூச்சை விட்டு, வாயை நன்றாகத் திறந்து, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் பேசப் பழக்குங்கள். கத்தாமலே கேட்கும். கடைசி பெஞ்சில் ஒருவரை நிறுத்தி, கேட்கவில்லை என்றால் கையை உயர்த்தச் சொல்லுங்கள். லாரி வந்தால் நிறுத்திவிட்டு, அது போனதும் தொடரச் சொல்லுங்கள். நிறுத்திக் காத்திருப்பதும் பேச்சில் ஒரு திறமை, அதை இந்த ரோடே சொல்லிக் கொடுத்துவிடும்.

குரல் வேறுபாட்டுக்கு "வா" என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கோபமாக, கெஞ்சலாக, ரகசியமாக, நெடுநாள் கழித்துப் பார்த்தவரிடம் சொல்வதாக, பயந்தபடி என்று மாற்றி மாற்றிச் சொல்லட்டும். அதன்பின் கதைக்குள் வரும் ஆட்களைப் பேசவைக்கச் சொல்லுங்கள். "கண்டக்டர் திட்டினார்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் கண்டக்டரின் குரலிலேயே திட்டட்டும். அந்த ஒரு மாற்றத்தில் உடம்பு நிமிர்வதை, கை அசைவதை நீங்களே பார்க்கலாம். கையை எங்கே வைப்பது, எப்படி நிற்பது என்றெல்லாம் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஏழாம் படி: தெருப் பேச்சிலிருந்து மேடைப் பேச்சுக்கு

இந்த வழிகாட்டியின் மையம் என்று நான் நினைப்பது இதைத்தான். இதற்கு அவசரப்படக் கூடாது. மேலே சொன்ன படிகளில் ஒரு மாதமாவது போன பிறகே இங்கே வாருங்கள்.

வட சென்னைப் பேச்சைப் படங்களில் அடியாளுக்கும் கோமாளிக்கும் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். வெளியிடத்தில் வாயைத் திறந்தால் மட்டமாகப் பார்ப்பார்களோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. வகுப்பிலும் "இன்னா"வுக்குத் திட்டு விழுந்தால் அந்த அச்சம் உறுதியாகிவிடும். அதேசமயம் நேர்முகத் தேர்விலும் கல்லூரியிலும் பொதுத் தமிழில் பேச வராமல் பிள்ளைகள் பின்தங்குவதும் உண்மை. இரண்டும் வேண்டும். எங்கே எதைப் பேசுவது என்று தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும்.

அதற்கு வழி, ஒரே கதையை மூன்று ஆட்களுக்குச் சொல்வது. முதலில் நண்பனுக்கு:

"நேத்து இன்னா ஆச்சு தெரியுமா? தண்ணி லாரி வந்துச்சுடா. எங்க ஆயா கொடத்த தூக்கினு ஓடுச்சு பாரு, லைன்ல நின்னுகினு இருந்தவங்கல்லாம் அப்டியே ஷாக் ஆயிட்டாங்கோ."

அடுத்து தலைமை ஆசிரியருக்கு:

"நேற்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது, ஐயா. எங்கள் பாட்டி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திகைத்துப் போனார்கள்."

மூன்றாவதாகத் தெருப் பிரச்சினையை விசாரிக்க வந்த மாநகராட்சி அதிகாரிக்கு. இங்கே ஆயாவின் ஓட்டம் குறையும். லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை வீடு, வரிசை ஏன் குலைகிறது என்பவை முன்னுக்கு வரும். ஒரு சம்பவம் எப்படி ஒரு வேண்டுகோளாக மாறுகிறது என்பதைப் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் கண்டுகொள்கிறார்கள்.

"தப்பு" என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, "யாரு கேக்குறாங்க?" என்று கேளுங்கள். பிள்ளையே மாற்றிக்கொள்ளும். மூன்று வடிவத்தையும் கேட்டுவிட்டு, எதில் எது நன்றாக இருந்தது என்று வகுப்பைப் பேசவிடுங்கள். நண்பனுக்குச் சொன்னதில்தான் உயிர் அதிகம் என்று பெரும்பாலும் சொல்வார்கள். அந்த உயிரில் கொஞ்சத்தை மற்ற இரண்டிலும் எப்படிச் சேர்ப்பது என்பதே அடுத்த பயிற்சி.

தெருக்கூத்தைப் பார்த்திருக்கும் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. கூத்தில் ராஜா வேஷம் உயர்ந்த தமிழில் பாடும், கட்டியங்காரன் நடுவில் புகுந்து அதையே ஊர்ப் பேச்சில் சொல்லுவான். இரண்டும் ஒரே மேடையில்தான் நடக்கும். வகுப்பில் ஒருவர் பொதுத் தமிழில் இரண்டு வரி சொல்லட்டும், மற்றவர் கட்டியங்காரனாக அதை வட சென்னைப் பேச்சில் சொல்லட்டும். பிறகு இடம் மாறட்டும். எழுத்துத் தமிழ் வராது என்று ஒதுங்கியிருந்த பிள்ளைகள் ராஜாவாக இருக்கும்போது மட்டும் தயங்காமல் பேசுவதைக் காணலாம்.

ஒரு வரலாற்றுச் செய்தியையும் வகுப்பில் சொல்லலாம். 1918 ஏப்ரல் 27 அன்று பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் திரு.வி.க. மேடை என்றால் ஆங்கிலம் என்றிருந்த காலத்தில், ஆலைத் தொழிலாளர்களுக்குப் புரியும்படி நல்ல தமிழில் பேசியவர் அவர். தமிழ் மேடைப் பேச்சின் வரலாற்றில் தங்கள் ஊருக்கும் பங்கு உண்டு என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

ஆங்கிலப் பேச்சுக்கும் இதே கதைதான், புதிய கதை வேண்டாம். தமிழில் மூன்று முறை சொல்லிப் பழகிய சம்பவத்தை அதே ஐந்து விரலை வைத்து ஆங்கிலத்தில் சொல்லட்டும். நடுவில் தமிழ்ச் சொல் விழுந்தால் பரவாயில்லை. கேட்ட சொல்லை மட்டும் எடுத்துக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் கதை

சொந்தச் சம்பவங்கள் தீர்ந்ததும் பிள்ளைகளைக் கதை சேகரிக்க அனுப்புங்கள். பெரியவர் ஒருவரிடம் கேள்வி கேட்டு, கேட்டதை மனதில் வாங்கி வந்து சொல்வது பெரிய பயிற்சி.

இந்தப் பகுதியில் கதைக்குப் பஞ்சம் கிடையாது. வியாசர்பாடிப் பக்கம் 1960-களில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ரயில் பெட்டி செய்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள், பின்னி ஆலையின் சங்கு சத்தத்துக்கு எழுந்தவர்கள், சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளின் குத்துச்சண்டையை ராத்திரி முழுக்கப் பார்த்தவர்கள் என்று தேடினால் கிடைப்பார்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குக் கிளம்பிய ராயபுரம் நிலையம் இன்றும் நிற்கிறது. அதன் எதிரில் கடை வைத்திருப்பவரிடம்கூட ஒரு கதை இருக்கும்.

காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதத் தொடக்கம் நல்ல நேரம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்பாவும் சித்தப்பாவும் வலை பின்னிக்கொண்டும் படகைச் சரிபார்த்துக்கொண்டும் கரையில் இருப்பார்கள். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே இந்த வேலையைக் கொடுத்துவிடலாம்.

என்ன கேட்பது? "உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க தாத்தா" என்றால் "என்னத்தடா சொல்றது?" என்றுதான் பதில் வரும். "நீங்க மொத மொதல்ல சம்பளம் வாங்கின அன்னிக்கு என்ன பண்ணீங்க?", "கடல்ல வழி தப்பியிருக்கீங்களா?", "இந்தத் தெரு அப்போ எப்படி இருந்துது?" என்று கேட்கப் பழக்குங்கள். பெரியவர் ஒப்புக்கொண்டால்தான் அவர் கதையை வகுப்பில் சொல்ல வேண்டும்.

சொல்லக் கூடாதவையும், சொல்ல முடியாதவர்களும்

கதை கேட்கும்போது எதிர்பாராதது வெளியே வரும். குடி, அடி, வீட்டை இடித்தது, சுனாமியிலோ வெள்ளத்திலோ போனவர்கள் என்று எதுவும் வரலாம். அதனால் "சோகமான சம்பவம் சொல்", "அப்பாவைப் பற்றிச் சொல்" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். "இன்னிக்கு வேணாம் மிஸ்" என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தன் கதை வேண்டாம் என்றால் நாட்டுப்புறக் கதையோ எம்டன் கதையோ சொல்லட்டும்.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லிவிட்டால், வகுப்பு முன் மேலும் கேட்காதீர்கள், பதிவு செய்யாதீர்கள். தனியாக, அமைதியாகக் கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் குற்றம் என்றால் 2012 போக்சோ சட்டப்படி தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ வகுப்புச் சுவரில் எழுதிவையுங்கள்.

பேசாத பிள்ளைகளுக்கு முதலில் பேச்சில்லாத பங்கு கொடுங்கள். கதைக்கு மழைச் சத்தம், ரயில் சத்தம் போடுவது, உம் கொட்டுவது, படம் வரைவது. பிறகு ஒரே ஒரு துணை, அதுவும் அவர்களே தேர்ந்தெடுத்த துணை. திக்கிப் பேசும் பிள்ளை இருந்தால் சொல்லை நீங்கள் முடித்துக்கொடுக்காதீர்கள், "மெதுவா பேசு" என்றும் சொல்லாதீர்கள். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். கூட்டமாகச் சேர்ந்து சொல்லும்போது பலருக்குத் திக்கல் குறையும் என்பதால், எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஒரு பல்லவி வரியைக் கதையில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் தெலுங்கோ உருதுவோ இந்தியோ பேசும் பிள்ளைகள், கதையில் வரும் பாட்டியை அந்த மொழியிலேயே பேசவைக்கட்டும்.

மதிப்பிடுவது

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ் 100 மதிப்பெண்ணும் எழுத்துத்தேர்வு. "போர்ஷன் முடிஞ்சுதா?" என்று கேட்பவரிடம், கதை சொல்லிப் பழகிய பிள்ளை கடிதத்தையும் கட்டுரையையும் வரிசைப்படுத்தி எழுதும் என்று தைரியமாகச் சொல்லுங்கள், எழுதிய தாளையும் காட்டுங்கள். ஆனால் கதைக்கு மார்க் போடாதீர்கள். கேட்டவர் கதையைத் திரும்பச் சொல்ல முடிந்ததா, கடைசி பெஞ்சுக்குக் கேட்டதா, மோதிர விரல் இருந்ததா என்று மூன்றைக் கவனித்து, நன்றாக இருந்த ஒன்றையும் அடுத்த முறைக்கு ஒன்றையும் சொல்லுங்கள். பெற்றோர் அனுமதி இருந்தால் முதல் மாதமும் கடைசி மாதமும் குரலை மட்டும் போனில் பதிந்து அந்தப் பிள்ளைக்கே போட்டுக் காட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

ஆறாம் வகுப்புக்கு முன்னால்

பருவத்தின் முடிவில் போட்டி வைக்காதீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்பவர்களாக அழைத்துவாருங்கள். சின்னப் பிள்ளைகளைவிட நேர்மையான அவை கிடைக்காது. பிடித்தால் நெருங்கி உட்காருவார்கள், பிடிக்காவிட்டால் நெளிவார்கள். மைதானத்தில் ஆறேழு இடத்தில் வட்டமாக உட்காரவைத்து, வட்டத்துக்கு ஒரு கதைசொல்லியை அனுப்புங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்ததும் கதைசொல்லிகள் அடுத்த வட்டத்துக்குப் போவார்கள். ஒவ்வொருவரும் தன் கதையை நான்கு முறை சொல்ல இருபது நிமிடம் போதும், ஒரு பீரியடில் இரண்டு அணி சொல்லிவிடலாம். மைக் வேண்டாம், வரவேற்புரை வேண்டாம். இரண்டு பீரியட் சேர்த்துக் கிடைத்தால் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் வாய்ப்பு வந்துவிடும், மீதிப் பேருக்கு அடுத்த வாரம் ஏழாம் வகுப்பை அழைத்துக்கொள்ளலாம். சிறப்பாகச் சொல்ல விரும்புகிறவர்களைப் பள்ளிக் கல்வித்துறையின் கலைத்திருவிழாவுக்குத் தயார் செய்வதை இதன் பிறகு தொடங்கினால் போதும்.